மறுபடி எடுக்கவும்

“கையை நல்லா இறுக்கி மூடு,” என்றேன்.

“இது வரைக்கும் நீ எடுத்த ரத்தத்துல இன்னொரு தம்பியே செஞ்சிருக்கலாம்க்கா,” என்று சிரித்தான் என் தம்பி குணாளன்.

தெலுக் இந்தான் நகரில் ஒரு சிறுநீரக நிலையத்தின் ஆய்வறையில் எனக்கு வேலை. ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று நாள் அவன் அங்கே வருவான். ரத்தத்திலுள்ள உப்புகளை ஒளியால் அளக்கும் கருவி எங்களிடம் இருந்தது. சிறு அட்டைக்குள் வரிசையாகப் பொட்டுகள். ரத்தம் பட்டதும் நீல வெளிச்சத்தில் அவை மின்னும். அந்த மின்னலைப் பார்த்துக் கருவி எண் சொல்லும்.

அன்று குணாளனின் ரத்தத்தில் பொட்டாசியம் 7.9 என்றது. இதயத்தை நிறுத்திவிடக்கூடிய அளவு.

கையை இறுக்கி மூடினால் அந்த எண் பொய்யாக ஏறும். மூடச் சொன்னதே நான்தான். ஆகவே நம்பவில்லை. ‘மாதிரி பழுது, மறுபடி எடுக்கவும்’ என்று பதிந்தேன்.

“பசியாறிட்டு வா. இன்னொரு தடவ குத்தணும்.”

“சரி லா, டாக்டரம்மா.”

எதிர்க்கடையில் ரொட்டி சானாய் வருவதற்குள் மேசையில் தலை சாய்த்தான். எழவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடித்து வேலைக்குத் திரும்பினேன். நண்பகல். அறைக்கு ஜன்னல் கிடையாது. குளிர் போகாதிருக்கக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். கருவியைச் சோதிக்கும் திரவத்தைச் செலுத்தினேன். நான்கு என்று காட்ட வேண்டும்.

7.9.

புது அட்டை போட்டேன். 7.9.

அட்டையை உருவினேன். வெறும் கருவிக்குள் நீல வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது. ஊசி குத்துமுன் தோலில் தடவும் ஸ்பிரிட்டின் வாடை எழுந்தது. புட்டியை நான் திறக்கவே இல்லை.

கதவின் கைப்பிடி அசையவில்லை. தட்டினேன், கத்தினேன். கதவிலிருந்த சிறு கண்ணாடிக்கு வெளியே தாதி ரொஹானா என்னைப் பார்க்காமலே கடந்து போனாள்.

குளிரூட்டி நின்றது. மூச்சு முட்டியது.

முதுகுக்குப் பின்னால், மிக மெல்ல:

“இன்னொரு தடவ எடுக்கணுமாக்கா?”

நான் திரும்பவில்லை.

“எடுக்கணுமா?”

“வேணாம்பா. மொத எண்ணே சரிதான். நான்தான் நம்பல.”

கைப்பிடி தானாக இறங்கியது.

அன்றே எல்லாவற்றையும் மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். என்னை அனுப்பிவிடுங்கள் என்றும் கேட்டேன். ஆள் இல்லை என்று அதே அறையில் வைத்துக்கொண்டார்கள். கருவியை மட்டும் மாற்றினார்கள். எண்கள் இப்போது ஒழுங்காக வருகின்றன.

ரத்தம் எடுக்கும் நாற்காலியை மாற்றவில்லை. அந்தக் குளிரிலும், குணாளன் கை நீட்டி வைத்த அதன் இடது கைப்பலகை இன்றுவரை சூடாகவே இருக்கிறது.