நடுங்கும் கைக்கு ஒரு துப்பாக்கி

அந்த ஆண்டு மாவட்டக் கைத்துப்பாக்கிப் போட்டியில் முதலிடம் பெற்ற சபரிநாதன், பரிசுக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, மேடையிலேயே கீழே போட்டான். கை அப்படி நடுங்கியது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

"கையைப் பாருங்க, அரசிலையாட்டம் ஆடுது" என்றார் வசுமதிக்குப் பின்னால் இருந்தவர், சொந்த மகனைப் பற்றிச் சொல்வது போல.

வசுமதி கைதட்டவில்லை. ஏதோ ஊசிப்போனதைத் தின்றுவிட்டது போல வாய் கசந்தது. மூன்று முறை மாவட்டத்தில் முதலாவதாக வந்தவள் அவள். இந்த முறை போட்டியிலேயே இல்லை. அவளுடைய பழைய துப்பாக்கியில், சட்டம் இப்போது கட்டாயமாக்கிய காப்பான் கிடையாது. துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தாயிற்று. மாநில அணியில் ஓர் இடம் என்பது பதினொரு வருடக் கனவு. அடுத்த தேர்வை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அதற்குள் புதியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

தருணக்காப்பான் என்பது காப்பானின் முழுப்பெயர். கெட்ட நோக்கத்தில் செய்ததல்ல. குழலின் நுனிக்குக் கீழே எள்ளளவு கண் ஒன்று இருக்கும். அது எதிரே இருப்பது குறிபார்த்துச் சுடும் குறித்தாள்தானா என்று பார்க்கும். மனிதனோ நாயோ என்றால் துப்பாக்கி வெறும் இரும்புதான். குறித்தாள் என்றால், குழல் நீளும் கோடு நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று நொடிக்கு ஐயாயிரம் முறை அளக்கும். விசையை அழுத்தினால் குண்டு வெடிக்காது. அழுத்துவது அனுமதி மட்டும். கோடு நடுப்புள்ளியைக் கடக்கும் அந்தக் கணத்தில் காப்பானே வெடிக்க வைக்கும். அது வந்தபின் துப்பாக்கிச் சாவு என்ற சொல்லே செய்தியில் இல்லை. அதை யாரால் குறை சொல்ல முடியும்?

குறை போட்டியில்தான் வந்தது. சுடுகிற எல்லோரும் நடுப்புள்ளியிலேயே சுட்டார்கள். அறுபது குண்டுக்கும் அறுபது முழு மதிப்பெண். ஆகவே யார் சீக்கிரம் சுட்டார் என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காலை திருச்சி சாலையில் ஆறுச்சாமியின் கடைக்குப் போனாள். அவளுடைய முதல் துப்பாக்கியை விற்றவர் அவர்தான்.

"வாங்க அம்மணி. முழு அளவுதானுங்களே? சின்னது உங்களுக்கு ஆவாதுங்க."

கண்ணாடி மேசையில் மூன்றை வைத்தார். வசுமதி தனக்குத் தெரிந்த வழியில் சோதித்தாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள கவட்டை, கைப்பிடியின் உச்சிவரை ஏறி உட்கார வேண்டும். சுட்டுவிரலின் முதல் கணு, மணிக்கட்டு திரும்பாமல் விசையைத் தொட வேண்டும். கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தித் திறந்தால் முன்குறியும் பின்குறியும் தாமாகவே ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மூன்றாவது துப்பாக்கியில் நின்றன. எஃகு உடம்பு, நீண்ட குழல். இரண்டு குறிகளுக்கும் இடையே தூரம் கூடக்கூடச் சின்னப் பிழையும் கண்ணுக்குத் தெரியும். எடை கூடக்கூட உதைப்பு குறையும். பெரிய துப்பாக்கியை விரும்ப அதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

கடைக்குப் பின்னால் இருந்த சோதனைக் கூடத்தில் நின்று, இருபத்தைந்து மீட்டர் தள்ளியிருந்த தாளைக் குறிபார்த்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நொடி கழித்துச் சிவப்பு விளக்கு எரிந்தது. அனுமதி காலாவதி.

மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு.

"கை செத்துப்போய் நிக்குதுங்களே அம்மணி" என்றார் ஆறுச்சாமி, உண்மையான வருத்தத்துடன். திரையைக் காட்டினார். அவள் குறி நடுப்புள்ளிக்கு மூன்று மில்லிமீட்டர் இடது பக்கம், சண்டி மாடு படுத்த மாதிரி அசையாமல் கிடந்தது. "அந்தக் காலத்துல இது முழு மார்க்குங்க. காப்பானுக்கு நட்டநடுப்புள்ளி வேணும். கை ஆடுனாத்தான் கோடு அதத் தாண்டும். ஆட ஆடத் தாண்டும். நீங்க ஆடவே மாட்டீங்கறீங்க, அது என்ன பண்ணும்?"

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். சபரிநாதன் குறிபார்க்கையில் கை ஆடிய தடம். கோழி கிளறிய குப்பை போல இருந்தது.

படத்துக்கு உரியவனும் அப்போது வந்து சேர்ந்தான். கையில் ஒரு பாட்டில் காப்பி, அதில் உறிஞ்சுகுழல். டம்ளரைத் தூக்கி நாளாயிற்று போலும்.

"நானும் மொதல்ல உங்களாட்டம்தானுங்கக்கா. கல்லு மாதிரி நிப்பேன். ஆறு மாசம் பழகுனேன். காலைல நாலு காப்பி, அப்பறம் மணல் பையைத் தூக்கீட்டு அரை மணி நேரம் நிக்கோணும். இப்பப் பாருங்க." கையை நீட்டினான். ஐந்து விரலும் ஐந்து பக்கம் ஆடின.

"சட்டைப் பட்டன் யாரு போட்டு விடறாங்க?"

"வீட்டுலதானுங்க" என்று சிரித்தான். காப்பி தாடையில் வழிந்து கழுத்துப்பட்டைக்குள் போனது. துடைக்கப் போன கை மூக்கில் இடித்தது.

ஆறுச்சாமி இன்னொரு துப்பாக்கியை எடுத்து வந்தார். அதே முழு அளவு. "இதுல குழலுக்கு அடியில அசைமணி இருக்குதுங்க." ஒரு சின்னக் குழாய்க்குள் எஃகு மணி, கை கொஞ்சம் சாய்ந்தாலும் உருண்டு சாய்வைக் கூட்டும். "நீளமான குழலுங்களா, நுனியில எடை உருண்டா நல்லா ஆட்டும். அதுக்குத்தான் பெரிய துப்பாக்கி."

வசுமதி தன் வலது கையைப் பார்த்தாள். பச்சிளங்குழந்தை வார்டில் பதினாறு வருடமாகச் செவிலி. குறைமாதக் குழந்தையின் நூல் பருமனான ரத்தக்குழாயில் முதல் குத்திலேயே ஊசியை இறக்குகிற கை. அதை நடுங்கப் பழக்கச் சொல்கிறார்கள். வழிகிற காப்பி, ஆடும் விரல்கள், அந்தப் பெருமிதம் எல்லாவற்றிலிருந்தும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிட்டு இவர்கள் முகத்தில் விழிக்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். அசைமணி வேண்டாம் என்று தள்ளிவிட்டு முதலில் சோதித்த எஃகுத் துப்பாக்கியையே எடுத்தாள்.

விரல் விசையைத் தொட்டதுதான் தெரியும். வெடித்தது. அடுத்ததும். ஐந்து குண்டும் மூச்சுவிடுமுன் போயின.

ஆறுச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரையை மறுபடி பார்த்தார். "சபரி, உன்ற சாதனை நேரம் போச்சு சாமி."

"என்னங்கக்கா பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணல. உங்களப் பாத்தா அருவருப்பா இருந்துச்சு, கை ஆடிருச்சு."

சபரிநாதன் கோபப்படவில்லை. கண்கள் விரிந்தன. "அதையே புடிச்சுக்குங்கக்கா. காப்பியெல்லாம் தேவையே இல்ல."

துப்பாக்கியை வைத்துவிட்டு வாசல்வரை வந்தாள். பதினொரு வருடக் கனவு அவளைத் திரும்ப வைத்தது.

அருவருப்பு நம்பகமான எரிபொருள். கோபம் ஆறிவிடும், பயம் பழகிவிடும். இது நினைத்தபோதெல்லாம் புதிதாக ஊறியது. மூன்று மாதம், தினமும் மாலையில், சுடும் கோட்டில் நின்று அந்தத் தாடையையும் உறிஞ்சுகுழலையும் நினைத்துக்கொள்வாள். கை ஆடும். காப்பான் வெடிக்க வைக்கும். பின்னர் அவற்றை நினைக்க வேண்டியிருக்கவில்லை. தன்னை நினைத்தாலே போதுமானதாக இருந்தது. மாநிலத் தேர்வில் முதலாவதாக வந்தாள். மேடையில் கோப்பையைக் கீழே போடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை வார்டில், எட்டு மாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை காத்திருந்தது. பக்கத்தில் அதன் தாய்.

"நீங்கதானுங்களே டிவில வந்தது? குறி தப்பாத கையாம். அந்தக் கையே எம் புள்ளைக்கு ஊசி போடட்டும்னு டாக்டர்கிட்ட நாந்தானுங்க கேட்டு வாங்கினேன்."

வசுமதி குழந்தையின் மணிக்கட்டை விளக்கடியில் திருப்பினாள். தோலுக்கடியில் நீலமாக, நூலளவு, அது தெரிந்தது. ஊசியை அதன் மேலே கொண்டுபோனாள். மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். ஊசிமுனை நீலக்கோட்டை இடப்பக்கமாகத் தாண்டியது, வலப்பக்கமாகத் தாண்டியது, மறுபடி இடப்பக்கம். நொடிக்குப் பத்துத் தடவையாவது சரியான இடத்தைக் கடந்தது.

ஊசியில் காப்பான் இல்லை.

"குத்துங்க சிஸ்டர்" என்றாள் தாய், நம்பிக்கையோடு குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு.