பொம்மைகள் நூலகத்தில் தங்கிய நாள்

குளிரூட்டியின் நேர் அடியில் பிற்பகல் முழுக்கக் கிடந்தும் அந்தத் துணிக் கரடியின் வயிறு சூடாகவே இருந்தது. சிகெமி மறுபடி தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த முயலும் டைனோசரும் சில்லிட்டிருந்தன. கரடி மட்டும், தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்தைப் போல, கதகதவென்று, பழைய பாலும் எச்சிலும் கலந்த வாடையோடு இருந்தது. துணி கனமான துணி, வெயிலில் வந்த சூடு இன்னும் இறங்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

கடலோரச் சிற்றூரின் அந்த நூலகத்தில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இது நடக்கும். பிள்ளைகள் தங்கள் பொம்மைகளை ஓர் இரவு நூலகத்தில் தங்கவிட்டுப் போவார்கள். கதவடைத்த பிறகு நூலக ஊழியர்கள் அவற்றைப் புத்தகம் படிப்பதுபோல உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். மறுநாள் பொம்மையோடு அந்தப் படத்தையும், பொம்மை ‘தேர்ந்தெடுத்த’ ஒரு புதுப் புத்தகத்தையும் பிள்ளை வாங்கிக்கொண்டு போகும். இதை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவள் இங்கே நெடுநாளாக வேலைபார்க்கும் சிகெமி. எத்தனையோ கோடைகள் அவள்தான் தரையில் படுத்துக் கிடந்து படம் எடுத்தாள். இந்தக் கோடையில் அந்த வேலை கொசுயேயிடம் போய்விட்டது.

வசந்தத்தில் வேலைக்குச் சேர்ந்த சின்னப் பெண் கொசுயே. மஞ்சள் ஏப்ரன், சிரித்தால் காணாமல் போகும் கண்கள். அவள் கதை வாசித்தால் ஜன்னலுக்கு வெளியே கத்தும் சிள்வண்டுகள்கூட ஒரு கணம் நிறுத்திக் கேட்பதுபோலத் தோன்றும். புதுவரவு அடுக்கில் அவள் படம் வரைந்து அறிமுக அட்டை எழுதிவைத்த புத்தகம் மாலைக்குள் யார் வீட்டுக்காவது போய்விடும். சிகெமியின் அட்டைகளை ஒருநாள் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

“தப்பா நினைக்காதீங்க சிகெமி-சான்,” என்று, மரியாதைக்குச் சேர்க்கும் ‘சான்’ குறையாமல், சிரித்தார் தலைமை நூலகர் மினேகிஷி. “உங்க அட்டையப் பாத்தா, நகராட்சி வச்ச எச்சரிக்கைப் பலகை மாதிரி இருக்கு. புள்ளைங்க புத்தகத்தத் தொடவே பயப்படுது!”

அவளும் சிரித்தாள். அன்று வீட்டில் குளிர்ந்த பார்லி டீயைக் குடிக்காமல், கோப்பையின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இன்று காலையிலும் அதேதான். கரடியைக் கொண்டுவந்த ஹொனோகா என்ற சிறுமி, சிகெமி நீட்டிய கைகளைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள். “ஆன்ட்டி வேணாம். அந்த அக்காகிட்டதான் குடுப்பேன்.”

இப்போது கதவு அடைத்தாகிவிட்டது. புயல் வரப்போவதாக ஊர் ஒலிபெருக்கி சொல்லிவிட்டுப் போயிருந்தது. வெளியே வெளிச்சம் பித்தளை நிறத்தில் நின்றது. படக்கதைப் பகுதியின் பாயில் பொம்மைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன, நடுவில் கரடி.

“சிகெமி-சான், நான் படம் எடுக்கறப்ப நீங்க விளக்கக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?” என்றாள் கொசுயே. “அதுக்கு முன்னாடி கடைக்கு ஓடிப்போய் சோத்துருண்டை வாங்கிட்டு வந்துடறேன். உங்களுக்குச் சூரை மீன் வச்சதுதானே?”

“ஏதாவது வாங்கிட்டு வா.”

விளக்குப் பிடிக்க வேண்டுமாம். கொசுயேயின் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்ததும் சிகெமி குனிந்து கரடியை எடுத்தாள்.

அடித்தளத்துப் புத்தகக் கிடங்கில் காற்று எப்போதும் ஈரக் காகித வாடையோடு அசையாமல் நிற்கும். தண்டவாளத்தின் மேல் நகரும் இரும்பு அலமாரிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் நடுவில் ஓர் ஆள் நுழையும் வழி திறக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் மூடிக்கொள்ளும். அவள் ஒரு வழியைத் திறந்து, கரடியை உள்ளே தரையில் உட்காரவைத்து, மூடினாள். நாளைக்கு ஹொனோகா அழுவாள். எல்லாரும் கொசுயேயைப் பார்ப்பார்கள்.

கடைசிச் சுற்றில் சக்கரம் தடுத்தது. பலங்கொண்ட மட்டும் அழுத்தினாள். உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. துணி அமுங்கினால் காற்று வெளியேறத்தானே செய்யும்? ஆனால் அடுத்து அது மூச்சை உள்ளே இழுத்தது.

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தாள்.

திரும்பி வந்த கொசுயே பைகளைக் கீழே போட்டுவிட்டுத் தேடினாள். மேசைக்கு அடியில், திரைக்குப் பின்னால், குப்பைக்கூடையில்கூட. “இங்கதானே வச்சேன்... நான் என்ன சொல்வேன் அந்தக் குழந்தைகிட்ட?” அவள் கன்னத்தில் கண்ணீர் வழிவதைச் சிகெமி பார்த்தாள். தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள்.

“நல்லாத் தேடு. எங்க போயிடும்?”

திடீரென்று கொசுயே அழுகையை நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள். “கேக்குதா?”

“என்ன?”

“கீழ யாரோ குழந்தை. கதை சொல்லச் சொல்லுது.”

சிகெமிக்கு எதுவும் கேட்கவில்லை. காற்றுதான் ஜன்னலில் மோதியது. பாயிலிருந்த படக்கதை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கொசுயே படியிறங்கினாள். போகாதே என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால், கரடியை வைத்தது யார் என்று சொல்லவேண்டும். சிகெமி குனிந்து, பாயிலிருந்த பொம்மைகளின் வட்டத்தைச் சரிசெய்தாள்.

கீழே சக்கரம் சுற்றும் சத்தம். நின்றது. மறுபடி சுற்றியது.

பிறகு ஒன்றுமில்லை.

“கொசுயே?”

அவள் இறங்கினாள். கிடங்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அலமாரிகள் எல்லாம் ஒட்டி நின்றன. அவற்றுக்கு நடுவில் எங்கும் வழியில்லை. கை நுழையாது, அட்டைகூட நுழையாது. அந்த ஒட்டிய விளிம்பில் மஞ்சள் ஏப்ரனின் நாடா மட்டும் வெளியே தொங்கியது.

இழுத்தாள். வரவில்லை. சக்கரத்தைப் பிடித்தாள். அசையவில்லை.

உள்ளே கொசுயே வாசித்துக்கொண்டிருந்தாள். அலறவில்லை, முனகவில்லை. அதே தெளிவான, சிரிப்பு ஒளிந்த கதை வாசிக்கும் குரல். சொற்களுக்கு நடுவில் எலும்பு நெரிவதுபோல ஏதோ ஒரு சின்னச் சத்தம். ஒவ்வொரு பக்கமும் புரளும்போது ஒரு பிஞ்சுக் குரல்.

“அப்புறம்?”

இந்த முறை சிகெமிக்கும் கேட்டது.

ஓடு என்றது உடம்பு. படிக்கட்டு பின்னாலேயே இருந்தது. மேலே வெளிச்சம் இருந்தது. ஆனாலும் அவள் கால்கள் நகரவில்லை. இத்தனை கோடைகளில் ஒரு குழந்தைகூட அவளிடம் அப்படி, மூச்சை அடக்கிக்கொண்டு, அப்புறம் என்று கேட்டதில்லை. இங்கேயும் இவளிடம்தானா? பயத்துக்கும் அடியில் அந்த எண்ணம் எரிந்தது. இங்கேயும் இவள்தானா?

கொசுயேயின் குரல் பாதிச் சொல்லில் நின்றது.

“சிகெமி படிக்கட்டும்,” என்றது பிஞ்சுக் குரல்.

பக்கத்துச் சக்கரம் தானாகச் சுழன்றது. தண்டவாளம் முனகியது. அவள் முன்னால் ஒரு வழி திறந்தது, அவள் அகலத்துக்குச் சரியாக. உள்ளே இருட்டு. கதகதப்பு. பால் வாடை. தரையில் விரித்த புத்தகம் ஒன்று.

“சிகெமிதான் வேணும்.”

அவள் அழுதுகொண்டிருந்தாள். உள்ளே போனாள். முழங்காலை மடித்து உட்கார்ந்தாள். பாவாடையைச் சரிசெய்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

முதல் வரியை வாசித்தாள். குரல் அழகாக வந்தது.

“அப்புறம்?”

முதுகில் இரும்பு தொட்டது. எதிரில் புத்தகங்கள் நெருங்கின. தாளின் மேல் விழுந்த வெளிச்சம் பட்டையாக இளைத்தது. நூலாக இளைத்தது. அந்த நூல் வெளிச்சத்தில், எதிரே இரண்டு புத்தகங்களுக்கு இடையில், தாளைப் போல நசுங்கித் தட்டையான கொசுயேயின் முகம் தெரிந்தது. அதில் ஒரு கண் திறந்திருந்தது.

அது உதவி கேட்கவில்லை. பொறாமையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.