ஓர் ஈசலும் ஒரு முழத் தங்கூசியும்

இயற்கைக்கு நேரம் பார்க்கத் தெரியாது. அதற்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கவே தான் ஹல்துமுல்லையில் பிறந்திருப்பதாகச் சஜீவன் உளமார நம்பினான். கேமராவோடு அலையும் மற்றப் படக்காரர்கள் புதருக்குள் குந்திக்கொண்டு, மூத்திரத்தையும் அடக்கிக்கொண்டு, ஆந்தை வரும், வரும் என்று பார்த்திருப்பார்கள். "காத்துக்கிட்டு நிக்கிறதுக்குப் பேரு கலையா? பஸ் ஹோல்ட்ல கூடத்தான் நிக்கிறானுங்க" என்பான். பறக்கும் பூச்சியைச் சின்ன ஆந்தை பறந்தபடியே கவ்வும் அந்த நொடியை, சொன்ன இடத்தில், சொன்ன அங்குலத்தில் பிடிக்க அவனிடம் ஒரு வழி இருந்தது. தங்கூசி.

மூடிக்கிடந்த தேயிலை ஸ்டோரின், அந்தப் பழைய தொழிற்சாலையின் சுவரில், காவலுக்கு எரியும் ஒற்றை விளக்குக்கு மேலே ஓர் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. மீன் தூண்டிலுக்குக் கட்டும் அந்த நைலோன் நூலை அதன்மேல் போட்டு, ஒரு நுனியில் ஈசலைப் பசை வைத்து ஒட்டுவான். மறு நுனி அவன் இடது கையில். இலேசாகச் சுண்டினால் ஈசல் பறக்கும். ஆந்தை வந்துதான் ஆகவேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை ஓர் ஆந்தை வந்தது. ஈசலை நூலோடு விழுங்கியது. நூலின் முனையில், இறக்கைகளை விரித்து, வாயைப் பிளந்து, அந்தரத்தில் சுழன்றது. கூட வந்திருந்த ஆட்டோக்காரன் றினாஸ், "நூல வெட்டுடா, செத்துரும்!" என்று கத்தினான்.

"ஒரு நிமிஷம் மச்சான்," என்றான் சஜீவன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த ஒரு நிமிடத்தில் பதினேழு படங்கள். பதினேழாவது அபாரம். கணினியில் நூலை அழித்துவிட்டால் பறக்கும் ஆந்தை, அவ்வளவுதான். செத்ததைத் தேயிலைச் செடிக்கடியில் புதைத்தவன் றினாஸ். கொழும்புப் போட்டிக்கு இரண்டு படங்கள் கேட்டிருந்தார்கள். நாளை கடைசித் தேதி. செத்ததற்கு ஒரு ஜோடி இருந்தது. அது சஜீவனுக்கு வசதியாகப் போயிற்று.

இன்று மழை விட்டு, பொழுது சாய்கிற வேளையில் இருவரும் வந்தார்கள். றினாஸ் வளைவிலேயே ஆட்டோவை நிறுத்தினான்.

"நீ போ. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே ஏலாது."

"பயமா?"

"வெக்கமா இருக்குடா."

"சரி, நீ வெக்கப்படுறேன்னு ஆந்தைகிட்ட சொல்லிர்றேன்."

ஸ்டோர் மூடிப் பத்து வருடமாகியும் மழை நனைத்தால் சுவரிலிருந்து வறுத்த தேயிலையின் வாசம் கிளம்பும். இன்று அதற்குள் வேறொரு வாடையும் இருந்தது, ஈர இறகைத் தீயில் காட்டியதுபோல. தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீர், கீழே தொழிலாளர் லயத்தில் யார் வீட்டிலோ ஓடும் டிவி, விளக்கைச் சுற்றிப் புகைபோல எழும்பிய ஈசல்கள் ஒன்றோடொன்று உரசும் சரசரப்பு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கேமராவை ஸ்டாண்டில் பூட்டிவிட்டு நிமிர்ந்தபோது, நூல் நுனியில் ஒட்டிய ஈசலைக் காணவில்லை.

எதுவும் வந்திருக்கவில்லை. நூல்கூட ஆடவில்லை.

இன்னொன்று ஒட்டினான். லென்ஸுக்குள் குனிந்து நிமிர்வதற்குள் அதுவும் இல்லை. மூன்றாவதை ஒட்டி, கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். விளக்கு ஒருமுறை மங்கிப் பிடித்தது. இப்போது நூலையும் காணோம். இடது கை வெறுமையாக இருந்தது.

"அட திருட்டு மூதேவி!" என்று வாய்விட்டுச் சிரித்தான். திறந்த வாய்க்குள் ஓர் ஈசல் புகுந்தது.

துப்புவதற்குள் விழுங்கிவிட்டான். காய்ந்த சிறகு ஒன்று நாக்கில் ஒட்டியது. இருமினான். தொண்டையில் அரிப்பு. தண்ணீர் குடித்தான். அரிப்பு இறங்கவில்லை. கீழுதட்டில் முடிபோல ஏதோ தட்டுப்பட, விரலால் பிடித்து இழுத்தான்.

வந்தது. ஒரு விரற்கடை. ஒரு சாண். பிறகு வரவில்லை; வயிற்றுக்குள் எதையோ கொக்கி போட்டு இழுத்ததுபோல வலித்தது.

தலையைச் சாய்த்தபோது விளக்கொளி அதில் பட்டது. அவன் வாயிலிருந்து வெள்ளியாய் ஒரு கோடு மேலே போயிற்று. கம்பியின்மேல் ஏறி, மறுபக்கம், கூரையடி இருட்டுக்குள். அங்கே இரண்டு மஞ்சள் கண்கள். சின்னவை. இமைக்கவில்லை.

கத்தரிக்கோல் பையில் இருந்தது. மூன்று எட்டுத் தூரம். ஓர் எட்டு வைத்தான்.

நூல் இறுகியது. கழுத்து அண்ணாந்தது. குதிகால்கள் தரையைவிட்டு எழும்பின.

"டேய், போவமா?" வளைவிலிருந்து றினாஸின் குரல்.

கத்தப் பார்த்தான். காற்றுத்தான் வந்தது.

"ஒரு நிமிஷம் மச்சான்."

பதில் கூரையடியிலிருந்து வந்தது. சஜீவனின் குரலில்.

"சரி சரி, ஆறுதலா வா, அவசரமில்ல," என்றான் றினாஸ். ஆட்டோவில் பாட்டுச் சத்தம் கூடியது.

கால்விரல்கள் மட்டும் சிமெந்தில். விழாமல் இருக்கக் கைகளை விரித்தான். மேலே யாரோ நூலை இலேசாகச் சுண்டினார்கள். ஆடினான். இன்னொரு சுண்டல். அந்தச் சுண்டல் அவனுக்குத் தெரியும். பூச்சி உயிரோடிருப்பதாகக் காட்டும் சுண்டல்.

திமிறினால் உள்ளே அறுத்தது. சும்மா இருந்தால் வலியில்லை.

சும்மா இருந்தான். இருமலை அடக்கினான். காற்சட்டை நனைந்தது. ஈசல்களுக்கு நடுவே, விளக்கு வெளிச்சத்தில், கை விரித்து, வாய் பிளந்து, சத்தம் போடாமல் காத்திருந்தான். வரும். வரும்.

ஆளில்லாத கேமரா கிளிக் என்றது. ஃபிளாஷ் வெட்டியது. அந்த வெள்ளையில் தேயிலை மலை முழுதும் ஒரு கணம் தெரிந்தது: பள்ளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை விரிந்த இரண்டு இறக்கைகள், ஓசையே இல்லாமல், விளக்கை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தன.