பாலைவனத் தூசியில் குங்குமம்

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ராஜாமணி முன்னால் பூவிழி டப்பாவைத் திறந்தாள். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு வட்டத் தாள். அதியமான்கோட்டைப் பக்கத்துத் தனியார் கல்லூரியில் அவள் விரிவுரையாளர்.

"ஆயுத பூசையப்போ ஜெய்சல்மேர் பாலைவனத்துல மெஷின் வெச்சு இந்தத் தாளுல புடிச்ச தூசிங்க சார். பழுப்பா இருந்துச்சு. நேத்துத் தொறந்தா இப்படி. நான் பாலைவனத்துக்கே போவல, ஏதோ பஸ் ஸ்டாண்டுல மெஷினை வெச்சுட்டு வந்துட்டேன்னு அருள்குமார் சார் சொல்றாருங்க. இன்னிக்கு நிரூபிக்கலைன்னா வேலை போயிரும்."

பாலைவனத் தூசியையும் நகரத் தூசியையும் ஒப்பிடும் கல்லூரி ஆய்வு அது. அதில் உடன் பணிபுரியும் முனைவர் அருள்குமாருக்கு வாய்த்தது நகரத் தூசி. கல்லூரி மொட்டைமாடி, கீழே நெடுஞ்சாலை, லாரிப் புகை. ராஜஸ்தான் பயணம் தனக்குத்தான் என்று நம்பி அகலத் தொப்பி வாங்கி வைத்திருந்தவர்.

"அவருதான்!" என்றார் வீரமணி. செல்போன் கடையைப் பூட்டிவிட்டு ராஜாமணியோடு அலைபவர். எந்த வழக்கிலும் முதலில் கேட்ட பெயர்தான் அவருக்குக் குற்றவாளி.

"இரு மாப்ள."

கல்லூரி ஆய்வகத்து மைக்ராஸ்கோப்பில் கறுப்புத் தாளை வைத்து ராஜாமணி நிதானமாகக் குனிந்தார். கரி, டயர்ப் பிசிறு. நடுநடுவே சிவப்புப் பொடி.

"ஆயுத பூசைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சீங்களா?"

"எல்லாத்துக்கும் வெச்சோங்க. இவரு மட்டும் விடல" என்றார் முதல்வர் மாதம்மாள், அருள்குமாரைக் காட்டி.

அருள்குமார் மார்பை நிமிர்த்தினார். "கருவிக்குப் பொட்டு மூடநம்பிக்கைங்க. நான் அறிவியல்காரன்." இதைப் பற்றி முகநூலில் நீண்ட கட்டுரை எழுதி, தானே அதற்கு லைக்கும் போட்டிருந்தார்.

ராஜாமணி இரண்டு மெஷின்களையும் வரவழைத்தார். பூவிழியுடையதில் திருகு இடுக்கெல்லாம் மணல். அருள்குமாருடையது பளபளவென்று துடைத்திருந்தது. திருகு இடுக்கில் மட்டும் சிவப்பு.

"இது காத்தை உறிஞ்சற மெஷின். வாயிலேயே பொட்டு வெச்சா குங்குமத்தையும் உறிஞ்சும். பூசையன்னிக்கு பூவிழி மெஷின் ராஜஸ்தான்ல இருந்துச்சு, அதுல குங்குமமே இல்ல. அந்தக் கறுப்புத் தாளு உங்க மாடியில புடிச்சதுங்க, முனைவரே. யாருக்கும் தெரியாம பொட்டு வெச்சு, அப்புறம் துடைச்சிருக்கீங்க. டப்பாவுல தாளையும் மாத்தி வெச்சிருக்கீங்க."

"ரிப்பேர் ஆயிடக் கூடாதேன்னு..." என்று முனகினார் அறிவியல்காரர்.

"பூவிழியோட தாளு?"

அவர் தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். மாதம்மாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். காற்று உருட்டி உருட்டி மழமழப்பாக்கிய துகள்கள், தேன் நிறத்தில். டப்பாவை மூடிப் பூவிழி கையில் கொடுத்தார். "நாளைக்கு வழக்கம்போல வகுப்புக்கு வந்துடும்மா."

"இதைத் தூக்கிக் கடாசாம ஏனுங்க வெச்சிருந்தீங்க?" என்று வீரமணி கேட்டார்.

"மனசு வரலீங்க. தினமும் எடுத்துப் பாப்பேன்." முனைவரின் கண் டப்பாவை விட்டு நகரவில்லை. "எவ்வளவு அழகா இருக்குது! எனக்குக் குடுத்தது என்னங்க? டயரு!"