சிரிப்புக் கூடையில் ஓர் ஐஸ் கட்டி

தெருவெல்லாம் வெள்ளம். பள்ளிக்கூடத்து மாடியில் இருந்த கணினி அறை இப்போது மருத்துவ உதவி அறையாகியிருந்தது. நர்ஸ் சித்தியும் இன்னும் இரண்டு பேரும், ஊர் மக்கள் சமூக வலைத்தளங்களில் எழுதுவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்காவது மருந்து வேண்டும் என்று தெரிந்தால் உடனே படகு போகும்.

சித்தியோடு வந்த பட்டாணிக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஆள் சின்னவள் என்பதால் வந்த பெயர் அது. வாய் என்னவோ பெரியதுதான்.

"மருந்து, டாக்டர், அவசரம்னு யாராவது எழுதினா கம்ப்யூட்டரே எங்களுக்கு அனுப்பிடும். நாலு பேர் சிரிச்சு வச்ச பதிவெல்லாம் சிரிப்புக் கூடைக்குப் போயிடும். நீ அதை அழிச்சுக்கிட்டே வா" என்றாள் சித்தி.

"படிக்காமலேயா?"

"படிச்சா விடிஞ்சிடும்."

"நான் வேகமா படிப்பேன் சித்தி."

கூரை மேல் ஏறிக்கொண்ட பூனை. அண்டாவில் உட்கார்ந்து துடுப்புப் போடும் மாமா. பட்டாணி சிரித்துச் சிரித்து அழித்தாள். ஒரு பதிவில் மட்டும் விரல் நின்றது. படத்தில் இரட்டைச் சடை போட்டிருந்த ஓர் அக்கா கேட்டிருந்தாள்: "யார்கிட்டயாவது ஐஸ் கட்டி இருக்கா?"

கீழே ஒரே கேலி. "ஊரே மிதக்குது, உனக்கு ஜூஸ் கேக்குதா?"

அந்த அக்கா கோபப்படவில்லை. அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டிருந்தாள். விளையாட்டுக்குக் கேட்கிறவள் இரண்டு தடவை கேட்பாளா?

பட்டாணி தட்டினாள். "ஐஸ் எதுக்கு அக்கா?"

பதில் பறந்து வந்தது. "அம்மாவோட சர்க்கரை ஊசி ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு. கரண்ட் போய் சூடாயிடுச்சு. தெளிவா இருந்தது கலங்கிப் போச்சு. ஐஸ்ல வச்சா சரியாயிடுமா? அம்மா இப்பப் போட்டுக்கணும்."

"சித்தி, இங்க வாயேன்."

படித்ததும் சித்தி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "கலங்கினதைப் போடவே கூடாதுன்னு எழுது. வீடு எங்கன்னு கேளு. நான் புதுசு எடுக்கறேன்."

ஐஸ் நிரப்பி ஊசி மருந்து வைத்த குளிர்பெட்டியைப் படகுக்காரர் வாங்கிக்கொண்டார். "அடையாளம் சொல்லு பட்டாணி."

"பச்சை கேட். மாடியில சிவப்புத் துண்டு ஆட்டுவாங்களாம்."

படகு போய்விட்டது. பட்டாணி நகம் கடித்தாள். சித்தி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நகர்ந்து உக்காருடி. கூடையில பாதியை நானும் படிக்கறேன்."

கூடை காலியாகும் நேரத்தில் புதிதாக ஒரு பதிவு வந்து விழுந்தது. "அம்மா ஊசி போட்டுக்கிட்டாங்க. பெட்டியில ஐஸ் மிச்சம் இருக்கு. ஜூஸ் யாருக்கு வேணும்?"

"எனக்கு" என்று எழுதினாள் பட்டாணி.

"ரெண்டா போடச் சொல்லு" என்றாள் சித்தி.