பதினோரு நிமிடக் கசிவு

காலை நாலரை மணிக்குக் கோமளவல்லி மகளை எழுப்பி, முகம் கழுவவைத்து, சிரிக்கச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம்டி. வாய் மட்டும்தான் சிரிக்குது, கண்ணு சிரிக்கலை பாரு."

பன்னிரண்டு வயது நித்திலா கண்ணையும் சேர்த்துச் சிரித்தாள். அவளுடைய காதுக்குப் பின்னால் பதித்திருந்த மகிழ்மானி முப்பத்தொன்று காட்டியது.

செவ்வாய்க் கோளின் செங்குடியில் பாடநூலும் கிடையாது, தேர்வும் கிடையாது. 'காற்றறை' என்ற வீடியோ விளையாட்டே பள்ளிக்கூடம். குடியிருப்பை மூடியிருக்கும் காற்றுக்கூரை கசிந்தால் எப்படி அடைப்பது என்பதைப் பிள்ளைகள் அதில்தான் பழகினார்கள். முதலில் குடியேறியவர்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கி வந்தவர்கள். கூரை முதன்முறை கசிந்தபோது, அது எத்தனையாவது பாடத்தில் வருகிறது என்று யோசித்துக்கொண்டு நின்றார்கள். விளையாட்டையும் யாரும் மனப்பாடம் செய்துவிடக் கூடாதென்று பிறகு சட்டம் வந்தது: விளையாட்டில் வென்றால் மட்டும் போதாது, மகிழ்ந்து விளையாடியிருக்கவும் வேண்டும். இரவும் பகலும் பதிவாகும் மகிழ்மானியில் பத்து நிமிடமாவது தொடர்ந்து எண்பதைத் தாண்டியவருக்கே கூரைக்கு வெளியே செல்லும் உரிமம்.

கோமளவல்லி எழுபத்தொன்பதில் நின்றுபோனவள். இருபது ஆண்டுகளாகக் கூரைக்குள் பாசித்தொட்டி கழுவுகிறாள். நித்திலா எல்லாக் கட்டங்களிலும் வென்றும், மகிழ்ச்சிக் குறைவால் இருமுறை உரிமத்தைத் தவறவிட்டிருந்தாள். மூன்றாவது வாய்ப்பே கடைசி.

அதற்காகத்தான் பரஞ்சோதி மாஸ்டரின் ஆனந்தம் தனிப்பயிற்சி நிலையம். அங்கே நாற்பது பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து, கசிவைக் கண்டதும் இரண்டாம் நொடியில் புருவத்தை உயர்த்தி, நான்காம் நொடியில் பல் தெரியச் சிரித்து, ஆறாம் நொடியில் ஒட்டுப்பட்டையை எடுத்தார்கள்.

"நித்திலா, சிரிப்புல சுருதி சேரலை. மறுபடியும்!" என்பார் மாஸ்டர்.

மதிப்பீட்டு நாள் வந்தது. நித்திலா விளையாடி முடித்தாள். மதிப்பீட்டு எந்திரன் அவளுடைய பதிவுகளைப் புரட்டியது.

"திறன் நூறு. மகிழ்ச்சி இருபத்தாறு."

கோமளவல்லி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனால், சென்ற வியாழக்கிழமை காலை பதினோரு நிமிடம் தொண்ணூற்றெட்டு பதிவாகியிருக்கிறது. அப்போது என்ன நடந்தது?"

நித்திலா அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தார். நிஜமாவே சுவத்துல காத்து கசிஞ்சுது. நாங்க பட்டையை எடுத்து ஒருத்தர் தோள்மேல ஒருத்தர் ஏறி ஒட்டினோம். தேன்கனி வழுக்கி விழுந்து, அவளே சுவத்தோட ஒட்டிக்கிட்டா. பிச்சு எடுக்கறதுக்குள்ள சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு."

"கசிவு?"

"அது அப்பவே அடைஞ்சிடுச்சே."

எந்திரன் பதிவை மூடியது. "நீ அன்றைக்குத்தான் விளையாடியிருக்கிறாய். உரிமம் வழங்கப்படுகிறது."

வெளியே வந்ததும் கோமளவல்லி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்த மறுகணமே கேட்டாள்:

"இவ்வளவு பெரிய விஷயத்தை ஏண்டி எங்கிட்டச் சொல்லலை?"

"கிளாஸ் நேரத்துல விளையாடினேன்னு திட்டுவியே, அதான்."

அன்று மாலையே கோமளவல்லி தனிப்பயிற்சி நிலையத்துக்கு விரைந்தாள். அவளுக்கு முன்பே பதினேழு தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். வாசலில் 'கசிவுச் சிறப்பு வகுப்பு' என்ற பலகையில் வண்ணம் இன்னும் காயவில்லை. பரஞ்சோதி மாஸ்டர் கையில் துளைப்பானுடன் சுவரை அளந்துகொண்டிருந்தார்.

"வாங்க மேடம், வாழ்த்துகள்! திங்கள், வியாழன், சனி மூணு நாளும் காலைல நாலரைக்கு ஓட்டை போடறோம். சரியா பதினோரு நிமிஷம். ஏழாவது நிமிஷம் ஒரு பிள்ளை வழுக்கி விழணும். யார் எப்ப விழணும்னு பட்டியல் போட்டுத் தந்துடறேன்."

கோமளவல்லி இளைய மகள் இசைவாணியின் பெயரை எழுதிக்கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஞாயித்துக்கிழமையும் வைக்க முடியாதா மாஸ்டர்? எங்க சின்னவளுக்குச் சிரிப்பு கொஞ்சம் வீக்."