உறை இருந்தது, படம் இல்லை

ஆகஸ்ட் மூன்று, காலை 9.10. மருத்துவமனையில் சிறுவன் கெய்லோரின் எக்ஸ்ரே உறையைத் திறந்த நர்ஸ் சொராய்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே படம் இல்லை.

குழந்தைகளுக்குக் கதிர்வீச்சைக் குறைக்கும் ஆராய்ச்சிக்காக மருத்துவமனை சேர்த்த படங்களில் ஒன்று அது. இரண்டு வருடப் பழசு, பிரதி கிடையாது. வலது நுரையீரலில் கட்டி வந்து குணமான ஆறு வயது கெய்லோருக்கு, இன்று இடது பக்கம் ஒரு புள்ளி தெரிந்தது. பழைய படத்திலும் அது இருந்தால் வெறும் தழும்பு. இல்லையென்றால் பதினோரு மணிக்கு ஆபரேஷன். தாய் யோர்லெனி வராந்தாவில் பையனை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எவனோ திருடிட்டான்! போலீஸைக் கூப்பிடு!" டாக்டர் பால்தோதானோ குதித்தார்.

"அவசரப்படாதீங்க டாக்டர். உறை அதே இடத்துல அழகா நின்னுச்சு. திருடன்னா உறையோட தூக்கிட்டுப் போயிருப்பான்."

9.25. படக் கிடங்கின் சாவி வைத்திருந்த ஊழியர் எலாடியோ வந்தார். கொட்டும் மழையிலும் வழக்கமான ஷூ இல்லாமல் செருப்பு போட்டிருந்தார்.

"அண்ணே, நேத்து மாதா திருவிழா லீவுல என்ன பண்ணீங்க?"

"நாள் பூரா தூக்கம்."

"அங்க இருக்கிற அந்த உறையைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

மேஜையைப் பிடித்து எழுந்தவர், தீ மிதித்தவர்போல் நடந்தார். குதிகாலில் பிளாஸ்திரி.

சொராய்தா சிரித்துவிட்டாள். "தூக்கத்துல கால் கொப்பளிச்சவரை இப்பத்தான் பார்க்கிறேன். திருவிழாவுக்கு ஊரோட சேர்ந்து கார்த்தாகோ மாதா கோயிலுக்குப் பாதயாத்திரையா நடந்தீங்க. பையன் குணமானதுக்கு நேர்த்திக்கடனா படத்தை அங்க மாட்டினீங்க. ஊரே பார்க்கிற சுவர்ல பையன் பேரு வேண்டாம்னுதான் பேரு எழுதின உறையை இங்கயே விட்டீங்க. திருடனுக்கு அந்தக் கவலை இருக்காதே!"

எலாடியோ முகத்தைப் பொத்திக்கொண்டார். "இந்த வார்டுல எத்தனை உறை மேல 'இறந்தாச்சு'ன்னு எழுதியிருக்கேன் தெரியுமா? 'குணம்'னு எழுதினது இது ஒண்ணுதாம்மா. இந்தப் பழைய படம் இனி யாருக்கும் தேவைப்படாதுன்னு நினைச்சேன்."

10.40. ஆம்புலன்ஸ் டிரைவர் கோயிலிலிருந்து படத்துடன் ஓடி வந்தார். ஓரத்தில் மெழுகு ஒட்டியிருந்தது. டாக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். இடது பக்கம் அதே புள்ளி, அதே அளவு.

"தழும்புதான்! ஆபரேஷன் வேண்டாம்!" அவர் எலாடியோவிடம் திரும்பினார். "எலாடியோ, பிரதி எடுத்துட்டுத் தரேன். இந்தத் தடவை கேட்டுட்டு எடுத்துட்டுப் போய்யா."

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட யோர்லெனி, எலாடியோவின் குதிகால் பிளாஸ்திரியையே பார்த்தாள்.

"என் புள்ளைக்காகவா அண்ணே நடந்தீங்க?"

"ஆமாம்மா. மன்னிச்சிடு."

அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள். "மறுபடி மாட்டப் போறப்ப நாங்களும் நடக்கிறோம். உங்களுக்கு நல்ல ஷூ நான் வாங்கித் தரேன்."